மரம் இல்லாத இடத்துல வளைஞ்ச பிள்ளைங்க

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு மைதானம். மைதானத்துல ஒரு வாதாம்கொட்டை மரம். பொம்மி, ம் கொட்டணும். நீ கொட்டலேன்னா அத்தைக்குக் கதை மறந்துடும்.

"ம்."

அப்படிக் கொட்டு. காலைத் தூக்கி என் மேல போடாதே, வெக்கையா இருக்கு. அந்த மரம் எங்க நின்னுச்சு தெரியுமா? ஓரத்துல இல்ல. கபடிக் கட்டத்துக்குள்ள! கபடி தெரியும்ல உனக்கு? பெருசா ஒரு கட்டம், நடுவுல ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி. இங்கிருந்து ஒருத்தி மூச்சு விடாம கபடிகபடிகபடின்னு பாடிக்கிட்டே அங்க போகணும். யாரையாச்சும் தொட்டுட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்துட்டா பாயிண்டு. அவங்க கப்புனு அமுக்கிட்டா, போனவ அவுட்டு. அந்தக் கட்டத்துல, ஒரு பக்கத்துக்கு நடுவுலதான் நம்ம மரம் ஜம்முனு நின்னுச்சு.

"வெட்ட வேண்டியதுதானே அத்தை?"

வெட்டறதா? மத்தியானம் ஆனா கல்லை எடுத்து டொக்கு டொக்குன்னு கொட்டையை உடைச்சுத் தின்ன பிள்ளைங்க வெட்ட விட்டுடுவாங்களா? அதுவும் இல்லாம, மைதானத்துலயே நிழலு அது ஒண்ணுதான். அதனால பிடிக்கறவங்க எல்லாம் மரத்துப் பக்கம் நிழல்ல நிப்பாங்க. பாடிப் போறவ வெயில்லருந்து ஓடி வருவா. மரம் குறுக்க வரும். சர்ர்ருனு வலது பக்கம் வளைஞ்சு ஓடுவா. அவங்க அக்காங்க காலத்துலருந்து அப்படித்தான் விளையாட்டு.

அந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்தி பேரு செண்பகவல்லி. செம்பான்னு கூப்பிடுவாங்க. ஒன்பதாவது படிக்கிறா. அவகிட்ட ஒரு வியாதி. பயப்படாதே, காய்ச்சல் இல்ல. கேள்வி கேக்கற வியாதி. பல்லி ஏன் கீழ விழ மாட்டேங்குது? கொட்டாவி ஏன் ஒட்டிக்குது? அவங்கம்மா, "வாயை மூடிக்கிட்டு சோத்தைத் தின்னுடி"ன்னு சொன்னா, "வாயை மூடினா எப்படிம்மா தின்ன முடியும்?"னு கேப்பா. உன்னை மாதிரியேதான்.

அப்புறம், ரெஜினான்னு ஒருத்தி. செம்பாவோட கூட்டாளி. நெட்டையோ நெட்டை. கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்தாலும் அவ தலைதான் முதல்ல தெரியும். இவங்க ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் பிள்ளைங்களும் சேந்ததுதான் டீம். சொல்லிக் குடுக்க பி.டி. டீச்சர் கிடையாது, அந்த வேலை காலி. தையல் டீச்சர்தான் விசிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வருவாங்க. அவங்களுக்குக் கபடியில தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. பீப்பீ ஊதறது.

"ம்."

டீம் தோக்கும். எப்பவும் தோக்கும். எங்க போனாலும் பொத்துனு விழுந்து புழுதியோட வருவாங்க. அப்போ ஒரு நாள் ஹெச்.எம். மரகதம் டீச்சர் பிள்ளைங்களை ரூமுக்குக் கூப்பிட்டாங்க. உள்ள ஃபேனு டடக் டடக்னு சுத்துது. டீச்சர் சொன்னாங்க, "கவர்மெண்ட்டு குடுத்த சைக்கிள் எல்லாம் வெயில்ல காயுது. சீட்டுல உக்காந்தா பொசுக்குது. ஷெட்டு போட இடமில்ல. உங்க கபடிக் கட்டம்தான் இருக்கு."

செம்பா ஜன்னல் வழியா மரத்தை எட்டிப் பாத்தா.

"இந்த வருஷம் ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா மரத்தை எடுத்துட்டு ஷெட்டு போட்டுடுவேன். அடுத்த வருஷம் கபடி கிடையாது."

கெட்டவங்க இல்ல பொம்மி அவங்க. சைக்கிள் பாவம்னு அவங்களுக்கு. ஆனா செம்பாவுக்கு? மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கோட்டைத் தாண்டற நேரம் இருக்கே, நாள் பூரா அதுக்காகத்தான் அவ காத்துக்கிட்டு இருப்பா. அது போயிடுச்சுன்னா பள்ளிக்கூடத்துல என்ன இருக்கு, கணக்குப் பாடமா?

அப்புறம் மேட்ச் ஆரம்பிச்சுது. முதல்ல மலையடி ஊருக்குப் போனாங்க. அங்க கட்டம் துப்புரவா இருக்கு, மரம் மட்டை ஒண்ணும் இல்ல. செம்பா கபடிகபடிகபடின்னு போனா. சர்ர்ருனு வளைஞ்சா. லபக்குனு பிடிச்சுட்டாங்க. மறுபடி போனா. லபக்கு. மறுபடி போனா. லபக்கு! தோத்தாச்சு.

எல்லாப் பிள்ளைங்களும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு பஸ்ஸுல ஏறிட்டாங்க. செம்பா ஏறல. எங்க போனா சொல்லு? ஜெயிச்ச பிள்ளைங்ககிட்ட போனா.

"அக்கா, என்னை எப்படிப் பிடிச்சே?"

ரெஜினா பஸ் ஜன்னல்லருந்து கத்தறா, "ஏய், மானத்தை வாங்காதடி! தோத்தது பத்தாதா?" இவ காதுலயே போட்டுக்கல. அந்த மலையடி ஊர் அக்காவுக்கு ஒரே குஷி. ஜெயிச்சவங்களுக்குச் சொல்லணும்னு வாய் துறுதுறுன்னு இருக்கும் பொம்மி, கேக்கத்தான் ஆள் இருக்காது. அவ சொன்னா, "நான் ஓடவே இல்லையே. நீ வர்ற இடத்துக்கு முன்னாடியே போய்க் காத்துக்கிட்டு இருந்தேன். நீயா வந்து விழுந்தே."

செம்பாவுக்கு ஆச்சரியம். நான் வர்ற இடம் அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? பஸ்ஸுல வழியெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டு வந்தா. பொம்மி?

"ம்... முழிச்சுட்டுதான் இருக்கேன்."

அப்புறம் கடற்கரை ஊரு. செம்பா என்ன பண்ணினா, "என்னைத்தான் கண்டுபிடிச்சுட்டாங்க, நீ போடி"ன்னு ரெஜினாவை அனுப்பினா. ரெஜினா நெட்டைக் காலை வீசிக்கிட்டுப் போனா. சர்ர்ரு. லபக்கு! அடுத்தவ போனா. சர்ர்ரு. லபக்கு! அவ்வளவுதான், அதுவும் போச்சு.

அப்போ செம்பா மறுபடி நடுக்கோட்டைத் தாண்டிப் போனா. "எப்படிப் பிடிச்சீங்க?"

கடற்கரை ஊர்ப் பிள்ளைங்க ஒருத்தியை ஒருத்தி பாத்துச் சிரிச்சாங்க. அதுல ஒருத்தி சொன்னா, "நாங்களே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தோம். நீங்க எல்லாரும் ஒரே இடத்துல வளையறீங்களே. அந்த இடத்துல என்னடி இருக்கு? குழியா, பாம்பா?"

"எந்த இடத்துல?"

"இதோ, இங்க"ன்னு போய் நின்னு காட்டினா. வெறும் மண்ணு. ஒண்ணுமே இல்ல. செம்பா குனிஞ்சு தடவிப் பாத்தா. ஒண்ணுமே இல்ல! அன்னிக்கு ராத்திரி அவளுக்குச் சோறே இறங்கல. தோத்ததுக்கு இல்ல, அந்த இடத்துல என்ன இருக்குன்னு தெரியாததுக்கு. உனக்குத் தெரிஞ்சுதா?

"மரம்!"

அடி கள்ளி! உனக்குத் தெரிஞ்சிருச்சு. அவளுக்குத் தெரியலையே. மறுநாள் சாயங்காலம் தங்களோட கட்டத்துக்குப் போனா. நடுக்கோட்டுலருந்து, அந்தப் பிள்ளை காட்டின இடம் எவ்வளவு தள்ளி இருக்கும்னு நினைச்சுக்கிட்டே, தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடந்தா. நடந்தா, நடந்தா... ணங்! மண்டை போய் வாதாம்கொட்டை மரத்துல.

நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டே ஒரு கத்து கத்தினா பாரு. "அடியே! மரம்டி! நம்ம மரம்! அது இல்லாத ஊருக்குப் போயும் நாம அதைச் சுத்திக்கிட்டு ஓடறோம்டி!"

பிள்ளைங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. தையல் டீச்சர் என்ன செய்யறதுன்னு தெரியாம பீப்பீன்னு ஊதினாங்க.

கண்டுபிடிச்சாச்சு, இனிமே ஜெயிச்சுடுவோம்னு மில்லு ஊருக்குப் போனாங்க. வளையாதே, நேராப் போன்னு பேசி வச்சுக்கிட்டாங்க. ஆனா பேசினது தலைதானே, ஓடறது காலு. செம்பா கபடிகபடின்னு போனா. மரம் வர்ற இடம் வந்துச்சு. வளைன்னுது காலு. வளையாதேன்னுது தலை. ரெண்டும் சண்டை போட்டதுல நடுவுல திருதிருன்னு நின்னுட்டா. லபக்கு! போன எல்லாரும் நின்னாங்க. லபக்கு, லபக்கு! இதுவரைக்கும் தோத்ததுலயே மோசமான தோல்வி அதுதான்.

அன்னிக்குத்தான் செம்பா அழுதா. இனிமே ஒரு மேட்ச்தான் பாக்கி. அதுவும் யாரோட? போன வருஷம் எல்லாரையும் ஜெயிச்ச பெரிய ஊர் டீமோட. மரம் போயிடும், கட்டம் போயிடும்னு தேம்பித் தேம்பி அழுதா. அழுதுக்கிட்டே எங்க போனா?

"ஜெயிச்சவங்ககிட்ட."

அதேதான். மூக்கு ஒழுகுது, அதோட போய், "எப்... எப்படிப் பிடிச்சே?"ன்னு கேட்டா. மில்லு ஊர்ப் பிள்ளைக்குச் சங்கடமாப் போச்சு. தன்னோட கர்ச்சீப்பை எடுத்துக் குடுத்து, "முதல்ல மூக்கைத் துடை"ன்னுச்சு. அப்புறம் கீழ உக்காந்து செம்பாவோட காலைப் பிடிச்சுக் காட்டுச்சு. "கையைப் பிடிச்சா உதறிடுவாங்க. சட்டையைப் பிடிச்சா கிழிஞ்சுடும். கணுக்காலைப் பிடிக்கணும். ரெண்டு கையையும் இப்படிக் கோத்துக்கோ. கன்னத்தை அவ கால்ல ஒட்டிக்கோ. என்ன ஆனாலும் விடாதே." செம்பா இழுத்துப் பாத்தா. உதறிப் பாத்தா. ம்ஹூம், அசையல!

எப்படி? இதோ உன் காலைக் குடு. கையைக் கோத்து... இப்படி. இழு பாப்போம். ஹ ஹ, முடியலல்ல? சரி சரி, கிச்சுகிச்சு மூட்டல, படு.

அப்புறம் கடைசி மேட்சுக்கு முன்னாடி ஒரு நாள். செம்பா மரத்தடியில உக்காந்து கொட்டை உடைச்சுக்கிட்டு இருக்கா. கொஞ்சம் தள்ளி ரெஜினா நின்னுக்கிட்டு வானத்துல ஏதோ பருந்தைப் பாத்துக்கிட்டு இருக்கா. ஆறாவது படிக்கிற பொடிசுங்க ஓடிப்பிடிச்சு விளையாடுதுங்க. குடுகுடுன்னு ஓடி வந்து, மரத்தைச் சுத்தி ஒரு வளைவு. அப்புறம் ரெஜினாவைச் சுத்தி ஒரு வளைவு. அதுங்களுக்கு மரமும் ஒண்ணுதான், ரெஜினாவும் ஒண்ணுதான்!

செம்பா கையில இருந்த கல்லைக் கீழ போட்டா.

"ரெஜி. அசையாதடி. அப்படியே நில்லு."

"ஏன்?"

"நீதான் மரம்."

"போடி லூசு."

"நில்லுன்னா நில்லேன்! குறுக்க ஒரு ஆளு அசையாம நின்னா, வர்றவ வளைஞ்சுதானே போகணும்? வளைஞ்சா கால் எங்க விழும்னு எனக்குத் தெரியும்டி. ஊர் ஊரா அந்த இடத்துல விழுந்து எந்திரிச்சவ நான். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"ம்."

அப்புறம் கடைசி மேட்ச். பெரிய ஊரு, பெரிய மைதானம், ஒரே கூட்டம். மரகதம் டீச்சரும் வந்திருக்காங்க, மடிப்பு கலையாத புடவையில, முதல் வரிசையில, குடையோட. பெரிய ஊர் டீம்ல காளீஸ்வரின்னு ஒருத்தி. அந்த வருஷம் பூரா அவளை ஒருத்தரும் பிடிச்சதே இல்ல. எண்ணெய் தடவின மீன் மாதிரி நழுவிடுவா.

விசில் அடிச்சுது. காளீஸ்வரி கபடிகபடிகபடின்னு வந்தா. எல்லாப் பிள்ளைங்களும் தடதடன்னு பின்னாடி போனாங்க. ஒருத்தி மட்டும் நடுவுல நிக்கறா. கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, கண்ணைக் கூட சிமிட்டாம. ரெஜினா! காளீஸ்வரிக்கு ஆச்சரியம். இவ ஏன் ஓட மாட்டேங்கறா? கிட்டப் போனா. இன்னும் கிட்டப் போனா. தோளைத் தொட்டா. அப்பவும் மரம் அசையல. சரி, ஒரு பாயிண்டு உறுதி, பின்னாடி நிக்கறவங்களையும் தொட்டுடலாம்னு அவளைச் சுத்தி சர்ர்ருனு வளைஞ்சா.

அந்தக் கால் விழற இடத்துல யாரு குத்தவச்சு உக்காந்திருக்கா?

"செம்பா!"

கப்! கணுக்காலு. கையைக் கோத்தாச்சு, கன்னத்தை ஒட்டியாச்சு. காளீஸ்வரி உதறினா, துள்ளினா, இழுத்தா. அப்போ மரத்துக்கு உயிர் வந்து அவ மேல தொபுக்கடீர்னு சாஞ்சுது. கபடிகபடிக... மூச்சு நின்னுச்சு. காளீஸ்வரி அவுட்டு!

அடுத்த தடவை காளீஸ்வரி இடது பக்கம் வளைஞ்சு பாத்தா. செம்பா அங்கயும் இருந்தா. மூணாவது தடவை, நான் மரத்துக்கிட்டயே போக மாட்டேன்னு ஓரமா போனா. மரம் ரெண்டு எட்டு நகந்து நின்னுக்கிச்சு! கப்! மூணாவது அவுட்டு.

"அப்போ ஜெயிச்சுட்டாங்களா அத்தை?"

இல்லடி தங்கம். தோத்துட்டாங்க. காளீஸ்வரி ஒருத்தியா அந்த டீம்ல? மத்தவங்க எல்லாம் சும்மாவா இருப்பாங்க? அதுவும் இல்லாம, பாடிப் போற நம்ம பிள்ளைங்க கால் இன்னமும் அந்த மரத்துக்குப் பயந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நல்லாவே தோத்தாங்க.

பீப்பீ. முடிஞ்சுது. பெரிய ஊர்ப் பிள்ளைங்க குதிக்கிறாங்க, மேளம் அடிக்குது. நம்ம பிள்ளைங்க புழுதியில உக்காந்துட்டாங்க. ஒண்ணுமே ஜெயிக்கல. மரம் போச்சு. ஆனாலும் செம்பாவைப் பழக்கம் விடுமா? எந்திரிச்சு, பாவாடை மண்ணைத் தட்டிக்கிட்டு, கேக்கறதுக்கு நடந்தா. நடுக்கோடு வரைக்கும் போனா. அங்க போய் நின்னுட்டா. ஏன்னா எதிர்ப்பக்கத்துலருந்து காளீஸ்வரி வர்றா. மேளத்தை விட்டுட்டு, மாலையைக் கூட போட்டுக்காம, விறுவிறுன்னு கோட்டுக்கு வர்றா.

"நில்லு, நீ கேக்காதே. நான் கேக்கறேன்"னா. "எப்படிடி என்னைப் பிடிச்சே?"

இத்தனை ஊர்ல இத்தனை பேர்கிட்ட கேட்டவ செம்பா. அவகிட்ட யாரும் கேட்டதே இல்லையே! திரும்பி ரெஜினாவைப் பாத்துட்டுச் சொன்னா, "எங்க பள்ளிக்கூடத்துல ஒரு மரம் இருக்கு."

"மரமா? அதை நான் பாக்கணுமே."

அப்போ பின்னாடிலருந்து ஒரு குரலு. "எனக்கும் புரியலை. குடையை மடக்கி வச்சுட்டுப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எப்படிப் பிடிக்கிறீங்க?" யாரு? மரகதம் டீச்சர்!

"அது வந்து, டீச்சர்... வாயால சொல்ல வராது டீச்சர். நீங்க பாடி வந்தா காட்டலாம்."

தையல் டீச்சருக்கு மயக்கமே வந்துடுச்சு. ஹெச்.எம்.மைப் போய்ப் பாடி வரச் சொல்றாளே! மரகதம் டீச்சர் கண்ணாடியைக் கழட்டித் தையல் டீச்சர்கிட்ட குடுத்தாங்க. புடவையைத் தூக்கி இடுப்புல இறுக்கிச் சொருகிக்கிட்டாங்க. அப்புறம், "கபடி... கபடி... கபடி..."

ரெஜினா மரமா நின்னா. டீச்சர் போய் அவளைத் தொட்டாங்க. சர்ர்ருனு வளைஞ்சாங்க. கப்! தொபுக்கடீர்!

டீச்சர் புழுதியில கிடக்கிறாங்க, கொண்டையெல்லாம் மண்ணு. செம்பா இன்னும் காலை விடல. விடாதேன்னுதானே சொல்லிக் குடுத்தாங்க. டீச்சர் மெதுவா எந்திரிச்சாங்க. எல்லாரையும் ஒரு பார்வை பாத்தாங்க. என்ன சொன்னாங்க தெரியுமா?

"இன்னொரு தடவை."

மறுபடி கப்! "இன்னொரு தடவை." மறுபடி கப்! அப்புறம் அங்கயே சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. மூச்சு வாங்குது, சிரிப்பும் வருது. "ஏன்டி, இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"தோத்த இடத்துல எல்லாம் கேட்டோம் டீச்சர்"னா செம்பா. "மலையடி ஊர்ல கொஞ்சம், கடற்கரை ஊர்ல கொஞ்சம், மில்லு ஊர்ல கொஞ்சம்."

மரகதம் டீச்சர் எந்திரிச்சு மண்ணைத் தட்டினாங்க. கண்ணாடியை வாங்கித் தொடச்சு மாட்டிக்கிட்டாங்க. "சைக்கிள் வெயில்ல நின்னா நிக்கட்டும். சீட்டுல ஒரு துணியைப் போட்டு உக்காருங்க"ன்னாங்க.

புரிஞ்சுதா? மரம் தப்பிச்சுது! கட்டம் தப்பிச்சுது! செம்பா எப்படிக் கத்தினான்னா, பெரிய ஊர் மேளக்காரரே அடிக்கறதை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தாரு. தோத்த டீமு என்னத்துக்கு இப்படிக் குதிக்குதுன்னு அவருக்கு ஒண்ணும் விளங்கல.

அப்புறம் சனிக்கிழமை ஆனா காளீஸ்வரி தன் டீமைக் கூட்டிக்கிட்டு மரத்தைப் பாக்க வந்துடுவா. மலையடி ஊர் அக்காவும் வந்தா, கடற்கரை ஊர்ப் பிள்ளைங்களும் வந்தாங்க, கர்ச்சீப்பைத் திருப்பி வாங்கிக்கிற சாக்குல மில்லு ஊர்ப் பிள்ளையும் வந்துச்சு. எல்லாரும் மரத்தைச் சுத்திச் சுத்தி ஓடி, ணங்கு ணங்குன்னு இடிச்சுக்கிட்டு, அப்புறம் டொக்கு டொக்குன்னு கொட்டை உடைச்சுத் தின்னாங்க.

"அடுத்த... வருஷம்... ஜெயிச்சாங்களா?"

அது அடுத்த வருஷத்துக் கதை, அது என்கிட்ட இல்ல. பொம்மி? பொம்மிக்கண்ணு? ம் சத்தம் நின்னு போச்சு. தூங்கிட்டாளா? அப்பாடா. மெள்ள எந்திரிச்சு, விளக்கை அணைச்சுட்டு...

ஏய்! யாருடி என் காலைப் பிடிச்சது? கண்ணு மூடியிருக்கு, கையைப் பாரு, எப்படிக் கோத்து வச்சிருக்கா! விடு தங்கம். விடுடி. ம்ஹூம், அசையல. கன்னத்தை வேற ஒட்டிக்கிட்டா. சரி, உக்காந்துட்டேன், போதுமா? அத்தை அவுட்டு, கதையும் அவுட்டு. தூங்கு.